அயர்லாந்தின் கைவைத்தியம்: மனிதருக்கும் மாட்டுக்கும்

அயர்லாந்தின் கிராமங்களில் நூறாண்டுகளுக்கு முன்புவரை நோய்க்கு முதல் மருந்து அடுப்படியில் இருந்தது. அது கேட்கவில்லை என்றால் வேலியோரத்துச் செடி. அதுவும் கேட்கவில்லை என்றால் பக்கத்து ஊரில் அந்த நோய்க்கென்றே பேர்பெற்ற ஒரு மனிதர். டாக்டர் அதற்கும் அடுத்துத்தான். இந்த வரிசை மனிதருக்கு மட்டுமல்ல, பசுவுக்கும் குதிரைக்கும் கோழிக்கும் பொருந்தியது. வீட்டில் ஒருவர் படுத்தால் கவலை. ஒரே பசு படுத்தால் அந்த ஆண்டுக் குத்தகையே போயிற்று. எனவே இரண்டுக்கும் வைத்தியம் ஒரே கையால், பெரும்பாலும் ஒரே பொருளால் நடந்தது.

இந்த அறிவு இன்று எழுத்தில் கிடைப்பதற்குப் பள்ளிக் குழந்தைகளே முக்கியக் காரணம். 1935இல் தொடங்கப்பட்ட அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை நாட்டின் தொடக்கப் பள்ளிகளைக் கொண்டு ஒரு பெரிய சேகரிப்பை நடத்தியது. 26 மாவட்டங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் பங்கேற்றன. 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்கள். ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வடக்கு மாவட்டங்கள் ஆறும் இதில் இல்லை. பிள்ளைகளுக்குத் தரப்பட்ட தலைப்புகளில் உள்ளூர் வைத்தியமும் ஒன்று. அந்தக் குறிப்புகளில் விளக்கம் கிடையாது, வியப்பும் கிடையாது. மருவுக்கு இது, பல்வலிக்கு இது, மாட்டுக் கழிச்சலுக்கு இது என்று மளிகைச் சீட்டுபோல வரிசையாகப் போகும்.

இதற்கு முன்பும் சேகரித்தவர்கள் உண்டு. டப்ளினின் புகழ்பெற்ற கண், காது அறுவை மருத்துவர் வில்லியம் வைல்டு, எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தை, 1852இலேயே மக்கள் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் மறைவுக்குப்பின் அவர் மனைவி ஜேன் வைல்டு 1887இலும் 1890இலும் வெளியிட்ட நூல்களில் கைவைத்தியமும் மந்திரமும் நிறைய இடம்பெற்றன. 1972இல் பாட்ரிக் லோகன் என்ற மருத்துவர் இவற்றைத் தொழில்முறைக் கண்ணோடு பார்த்து ஒரு நூல் எழுதினார். நவீன மருத்துவம் படித்தவர்களே இதில் முன்னால் நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கைவைத்தியம் என்றால் படிக்காதவர் வைத்தியம் என்று எண்ணுவது அயர்லாந்தைப் பொறுத்தவரை பாதி உண்மைதான். பழைய ஐரியக் கதையில், மருத்துவத் தெய்வமான டியான் கேக்ட் பொறாமையால் தன் மகன் மீயாக்கைக் கொல்கிறான். மகனின் கல்லறைமேல் 365 மூலிகைகள் முளைக்கின்றன. மகள் அர்மெட் அவற்றைத் தன் மேலாடையில் குணத்துக்கேற்ப அடுக்குகிறாள்; தந்தை அதையும் கலைத்துப் போடுகிறான். கதை ஒருபுறம் இருக்க, இடைக்காலத்தில் ஐரியக் குறுநில மன்னர்களின் அவையில் பரம்பரை மருத்துவக் குடும்பங்கள் இருந்தன. கிளேர் பகுதியின் ஓ'பிரையன்களுக்கு ஹிக்கி குடும்பம், ஃபெர்மானாவின் மகுவையர்களுக்குக் காசிடி குடும்பம். லத்தீன் மருத்துவ நூல்களை ஐரிய மொழியில் பெயர்த்து வைத்திருந்தவர்கள் இவர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கை ஓங்கி, மன்னர்களின் நிலம் பறிபோனபோது மருத்துவர்களுக்கும் புரவலர் இல்லாமல் போயிற்று. அந்த ஏட்டறிவில் எவ்வளவு வாய்வழியாகக் கீழிறங்கிக் குடிசைகளுக்குப் போயிற்று என்பதை அளந்து சொல்ல வழியில்லை.

1851இல் வந்த சட்டம் நாடு முழுவதும் மருந்தகங்களை நிறுவியது. ஏழைகள் சீட்டு வாங்கி இலவசமாக வைத்தியம் பார்க்கலாம். டாக்டர் வீட்டுக்கு வரவேண்டுமானால் சிவப்புச் சீட்டு. ஆனால் ஒரு டாக்டருக்குப் பெரிய வட்டாரம், நடைதூரமோ அதிகம், சீட்டுக் கேட்டு நிற்பதில் கூச்சம். கைவைத்தியம் உயிரோடு இருந்ததற்கு மூட நம்பிக்கையைவிட இவையே பெரிய காரணங்கள்.

அடுப்படி வைத்தியத்தில் முதலிடம் கொழுப்புக்கும் உப்புக்கும். கிறிஸ்துமஸுக்கு வளர்க்கும் பெருவாத்தின் கொழுப்பை உருக்கிச் சாடியில் சேர்த்து, சளி கட்டினால் நெஞ்சில் தேய்ப்பார்கள். அதே சாடியிலிருந்து பசுவின் வெடித்த மடிக்காம்புக்கும் பூசுவார்கள். தொண்டை வலிக்கு உப்பை வறுத்து, காலுறையில் போட்டுக் கழுத்தில் சுற்றுவார்கள். உப்பு இல்லையென்றால் வெந்த உருளைக்கிழங்கு. மேற்குக் கடலோரத்தில் பாறைகளிலிருந்து பறிக்கும் கேரகீன் என்ற கடற்பாசியைப் பாலில் காய்ச்சி இருமலுக்குக் குடிப்பது இன்றும் வழக்கில் உள்ளது. கட்டிக்கும் புரையோடிய புண்ணுக்கும் சூடான ரொட்டிப் பற்று. வாத வலிக்குப் பச்சை உருளைக்கிழங்கு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தால் போதும். கிழங்கு கல்லாக இறுக இறுக வலி குறையும் என்றார்கள். பொட்டீன் என்ற கள்ளச் சாராயம் உள்ளுக்கும் வெளிக்கும், ஆளுக்கும் மாட்டுக்கும் பொது மருந்து. சட்டம் 1661 முதல் 1997 வரை அதைத் தடை செய்திருந்தது. வீட்டு மருந்துப் பெட்டியில் அந்தத் தடை செல்லுபடியாகவில்லை.

மூலிகைகளில் நெட்டில் முக்கியமானது. நம் காஞ்சொறியைப்போலத் தொட்டால் அரிக்கும் செடி. மே மாதத்தில் அதன் தளிரை மூன்று முறை சமைத்துச் சாப்பிட்டால் ஆண்டு முழுவதும் வாதமும் தோல் கொப்புளமும் அண்டாது என்பது நாடெங்கும் பரவிய வழக்கு. குளிர்காலம் முழுதும் கிழங்கும் மோரும் மட்டுமே உண்டவர்களுக்கு வசந்தத்தின் முதல் பச்சைக் கீரை எது செய்யுமோ அதை அது செய்திருக்கும். சதுப்பு நிலத்தில் முளைக்கும் பாக்பீன் செடியின் கசப்புக் கஷாயம் ரத்த சுத்திக்கு. இசப்கோலுக்கு உறவான ஸ்லான்லுஸ் என்ற செடியின் இலையை மென்று வெட்டுக்காயத்தில் வைப்பார்கள். கம்ஃப்ரியின் வேரைப் பச்சையாகத் துருவினால் பசைபோல ஒட்டி, காய்ந்ததும் கெட்டியாகும். மனிதரின் சுளுக்குக்கும் குதிரையின் வீங்கிய காலுக்கும் அதுதான் கட்டு. காசநோய்க்கு முல்லின் என்ற செடியின் இலையைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதனால் இருமல் சற்று இளகியிருக்கலாம், நோய் நீங்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை காசநோய் அயர்லாந்தில் வீடு வீடாக உயிர் குடித்தது.

இவற்றில் சிலவற்றுக்கு வேதியியல் பின்னர் சான்று தந்தது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பயன்பட்ட மெடோஸ்வீட் செடியில் சாலிசிலேட் வகைப் பொருள்கள் உள்ளன. ஆஸ்பிரின் என்ற பெயரின் நடுப்பகுதியே அந்தச் செடியின் பழைய தாவரப் பெயரான ஸ்பைரியாவிலிருந்து வந்தது. சதுப்பு நிலப் பாசியைப் புண்ணில் வைத்துக் கட்டும் பழைய பழக்கம் முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவமனைகளுக்கே போய்ச் சேர்ந்தது. பஞ்சு கிடைக்காத அந்த ஆண்டுகளில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மூட்டை மூட்டையாகப் பாசி சேகரித்து உலர்த்தி அனுப்பினார்கள். தன் எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு நீரை அது உறிஞ்சும். அதன் அமிலத் தன்மை கிருமியை வளரவிடாது.

மறுபக்கமும் உண்டு. ஃபாக்ஸ்குளோவ் செடியில் இதயத்தை இயக்கும் வலுவான பொருள் இருப்பதை 1785இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் அளவோடு வரையறுத்தார். அயர்லாந்துக் கிராமங்களில் அதே செடியின் சாறு, உண்மைக் குழந்தையை எடுத்துக்கொண்டு தேவதைகள் மாற்றி வைத்துவிட்டதாகக் கருதப்பட்ட நோஞ்சான் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. அளவு தெரியாத கையில் அது விஷம். கம்ஃப்ரியையும் உள்ளுக்குச் சாப்பிட்டால் கல்லீரல் கெடும்.

அயர்லாந்து வைத்தியத்தின் தனி முத்திரை மூலிகையில் இல்லை, ஆளில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நோய்க்கு மட்டும் குணமாக்கும் உரிமை குறிப்பிட்ட ஒருவரிடம் உண்டு என்பது அங்கே நம்பிக்கை. அந்த உரிமை பிறப்பாலோ சந்தர்ப்பத்தாலோ அமையும். ஏழாவது மகனுக்கு ஏழாவதாகப் பிறந்தவனுக்குப் பல நோய்கள் வசப்படும். தந்தை முகம் பாராத பிள்ளை, குழந்தைகளின் வாயில் வரும் வெண்புண்ணுக்கு மூச்சை ஊதிக் குணமாக்கும். திருமணத்துக்கு முன்பும் பின்பும் ஒரே குடும்பப்பெயர் கொண்ட பெண் கொடுக்கும் ரொட்டித்துண்டு கக்குவான் இருமலுக்கு மருந்து. பல்லியை நக்கியவன் நாக்கு தீப்புண்ணை ஆற்றும். கீயோ, காஹில், வால்ஷ் குடும்பத்தாரின் ரத்தத் துளிக்கு, தோல் சிவந்து எரியும் எரிசிபெலஸ் நோய் கட்டுப்படும் என்று நம்பினார்கள்.

இவர்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்டால் சக்தி போய்விடும். பல இடங்களில் நன்றி சொல்வதும் கூடாது. மூன்று முறை போகவேண்டும். திங்கள், வியாழன், மறுபடி திங்கள் என்பது பரவலான கணக்கு. மந்திரச் சொல்லை ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் மாற்றி மாற்றி ஒப்படைப்பது பல குடும்பங்களின் முறை. சுளுக்குக்கு நெசவாளரின் நூலில் முடிச்சுகள் போட்டு, ஆண்டவனின் குதிரை கால் இடறிய கதையை மந்திரமாகச் சொல்லிக் கட்டுவார்கள். எலும்பும் எலும்பும், நரம்பும் நரம்பும் சேர்க என்னும் இதே அமைப்பு, 10ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஏட்டில் உள்ள மெர்சபர்க் மந்திரத்திலும் இருக்கிறது. கிறிஸ்தவம் வந்தபின் தேவர்களின் பெயர் மாறியது, மந்திரத்தின் எலும்புக்கூடு மாறவில்லை.

எலும்பு வைத்தியர்களை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கக்கூடாது. அவர்களுடையது தலைமுறை தலைமுறையாகக் கைபழகிய தொழில். மாட்டுக் காலிலும் ஆட்டுக் காலிலும் பழகிய விரல்களே மனிதரின் நழுவிய மூட்டையும் இருத்தின.

இன்னொரு வகை, நோயை வேறொன்றின் தலையில் கட்டுவது. மருவில் நத்தையைத் தேய்த்து, அதை முள்ளில் குத்தி வைப்பார்கள். நத்தை வற்ற வற்ற மரு வற்றும். கண்கட்டிக்கு நெல்லிபோன்ற கூஸ்பெரிச் செடியின் பத்து முட்களைப் பறித்து, ஒன்பதைக் கட்டியை நோக்கிக் காட்டி, பத்தாவதைத் தூக்கி எறிவார்கள். கக்குவான் இருமல் பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைத்து வாங்குவார்கள். அல்லது வெள்ளைக் குதிரையில் வருகிறவனை நிறுத்தி என்ன மருந்து என்று கேட்டு, அவன் வாயில் வந்ததைச் செய்வார்கள். வழிப்போக்கன் அந்த நேரத்தில் என்னென்ன சொல்லியிருப்பான் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும், கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

இவை பலித்தனவா என்று கேட்பதைவிட எந்த நோய்களுக்கு இவை இருந்தன என்று கேட்பதே பயனுள்ளது. மரு, கண்கட்டி, படர்தாமரை, அக்கி, விக்கல், வாய்ப்புண், கக்குவான். சில நிமிடம் முதல் ஓரிரு ஆண்டுவரை இருந்து, பெரும்பாலும் தானே போகும் நோய்கள் இவை. மூன்று முறை போய்வரும் நிபந்தனை, காத்திருக்கும் நாள்களை வைத்தியத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. தானாகப் போகாத நோய் வந்தபோது நடந்ததும் பதிவாகியிருக்கிறது. 1832இல் காலரா அயர்லாந்தில் பரவியது. அந்த ஜூன் மாதம் கார்க் மாவட்டத்துச் சார்ல்வில் ஊரில் அன்னை மரியாள் தோன்றி, சாம்பலே காப்பு என்று சொன்னதாக வதந்தி எழுந்தது. சாம்பலோ, எரிந்த பீட் (சதுப்பு நிலத்து எரிமண்) கட்டியோ, வைக்கோலோ பெற்றவர் உடனே பல வீடுகளுக்கு ஓடிச்சென்று அதைப் பகிரவேண்டும் என்பது நிபந்தனை. இரவெல்லாம் ஓட்டமாக, சில நாள்களுக்குள் நாட்டின் பெரும்பகுதிக்கு அது பரவிவிட்டது. காலரா நிற்கவில்லை.

நீரும் வெப்பமும் தனி அதிகாரம். அயர்லாந்தில் ஏறக்குறைய 3,000 புனித ஊற்றுகள் உள்ளன. கண், பல், தலைவலி, மரு என ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு உரியது. ஊற்றைச் சூரியன் போகும் திசையில் சுற்றி, செபம் சொல்லி, நீரைத் தொட்டு, கந்தைத் துணி ஒன்றைப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். துணி மக்க மக்க நோய் குறையும்.

வெப்பத்துக்கு வியர்வை வீடுகள். லீட்ரிம், கேவன், ஃபெர்மானா, ஸ்லைகோ பகுதிகளின் மலைச்சரிவுகளில் சுண்ணாம்பு இல்லாமல் கல்லடுக்கிக் கட்டிய தேன்கூட்டு வடிவச் சிற்றறைகள் இவை. தவழ்ந்துதான் உள்ளே போகமுடியும். உள்ளே பல மணி நேரம் பீட் தீ எரித்து, கல் சூடேறியதும் சாம்பலை வாரி வெளியே கொட்டி, தரையில் கோரைப்புல் பரப்புவார்கள். மூட்டுவாதக்காரர்கள் ஆடையின்றி உள்ளே போய் அமர, வாசல் புல்தரைக் கட்டிகளால் அடைக்கப்படும். வியர்த்து வழிந்தபின் வெளியே வந்து பக்கத்து ஓடையில் முங்குவார்கள். ஓடை இல்லாத இடத்தில் இந்த வீடுகளும் அநேகமாக இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு பயன்பாடு நின்றது. கட்டடங்கள் பல இன்னும் இடியாமல் நிற்கின்றன. இந்த நாட்டு வைத்தியம் முழுவதிலும் இன்றைய மருத்துவர் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளக்கூடியவற்றில் ஒன்று வாதவலிக்கு இந்தச் சூடு.

கால்நடைக்கு வருவோம். பசு திடீரென்று தீனி எடுக்காமல் நடுங்கினால் தேவதைகள் அம்பெய்துவிட்டன என்பார்கள். வைத்தியர் முழங்கை முதல் விரல்நுனிவரை அளவாக வைத்து மாட்டை மூன்று முறை அளப்பார். அளவு குறைந்தால் அம்பு பட்டது உறுதி. தோலைத் தடவி அம்பு பாய்ந்த குழியைக் கண்டுபிடிப்பார். பிறகு உப்பும் நாணயமும் ஒரு சிக்கிமுக்கிக் கல் அம்புமுனையும் போட்ட தண்ணீரை மாடு குடிக்க வேண்டும். அந்த அம்புமுனைகள் உழும்போது மேலே வந்த கற்கால வேட்டைக் கருவிகள். கூரைச் சந்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்து, தேவைப்பட்டவருக்கு இரவல் கொடுத்தார்கள். மந்தையையே அழிக்கும் கொள்ளைநோய்க்கு உயர்குடியினர் வீட்டில் மணிக்கற்கள் இருந்தன. கார்க் மாவட்டத்து இமோகில்லியின் அகேட் கல்லும் டிப்பரரி மாவட்டத்துக் கார்னவில்லாவின் படிகமும் பேர்போனவை. கல்லை நனைத்த நீரே மருந்து.

வயிற்றுவலியில் புரளும் மாட்டுக்கும் குதிரைக்கும் புழு முடிச்சு. வைத்தியர் ஒரு நூலை எடுத்து, மாட்டின் முதுகுக்கு மேலே பிடித்து, புழு சுருண்டாற்போல் வளையம் வளையமாக முடிச்சிட்டு இரு முனையையும் இழுப்பார். முடிச்சு சிக்காமல் அவிழ்ந்து நேரானால் மாடு பிழைக்கும்; சிக்கினால் பிழைக்காது. மூன்று முறை செய்வார்கள். மருந்தும் ஆரூடமும் ஒரே நூலில் இருந்தன. குளம்பு அழுகினால், அந்தக் கால் பதிந்த புல்தரையைக் குளம்பின் அளவுக்கு வெட்டியெடுத்து முள்மரத்தில் தொங்கவிட்டார்கள். மண் காயக் காயப் புண் காயும். நத்தையில் கண்ட அதே தர்க்கம்தான் இதுவும்.

கத்தி எடுத்த வைத்தியமும் உண்டு. மாடு மெலிந்து எழ முடியாமல் போனால் வாலில் புழு என்று சொல்லி, வாலைக் கீறிப் பூண்டு வைத்துக் கட்டுவார்கள். சப்பை நோய்க்கு அலைதாடியைக் கீறிப் பூண்டைத் திணிப்பார்கள். வாலில் புழு என்று ஒரு நோயே இல்லை. பட்டினியும் தாதுக் குறைவும்தான் மாட்டைச் சாய்த்தவை. சப்பை நோயோ மண்ணில் வாழும் கிருமியால் வந்து ஓரிரு நாளில் கொல்வது. தடுப்பூசி வந்தபிறகே அதற்கு விடிவு. மந்தையில் சினை கலையாமலிருக்க ஒரு கிடாயைக் கூடவே மேயவிட்டார்கள். சினையைக் கலைக்கும் புரூசெல்லா கிருமிக்குக் கிடாய் தடையாகாது. கன்றுகளின் படர்தாமரைக்குத் தொழுவத்தில் ஹாலி மரக்கிளையைத் தொங்கவிடுவார்கள். குளிர்காலக் கொட்டிலில் வரும் அந்த நோய், மாடுகள் வசந்தத்தில் வெயிலுக்குப் போனதும் தணியும். பெயர் கிளைக்குப் போனது.

மனிதரையும் மாட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மனநிலைக்குச் சரியான சான்று புனித பிரிஜித்தின் துணி. ஜனவரி 31 இரவு ஒரு துண்டுத் துணியைப் புதர்மேலோ சன்னலிலோ போட்டுவைப்பார்கள். புனிதை அன்றிரவு வீடுகளைக் கடந்து போகும்போது அதைத் தொடுவாள் என்பது நம்பிக்கை. ஆண்டு முழுவதும் அதே துணி தலைவலிக்காரரின் நெற்றியைச் சுற்றும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணின்மேல் கிடக்கும், கன்று ஈனமுடியாத பசுவின் முதுகிலும் கிடக்கும்.

இந்த வைத்தியர்களில் பெரும்புகழ் பெற்றவர் கிளேர் மாவட்டத்து ஃபீக்கிள் ஊர்ப் பிடி எர்லி. ஏறக்குறைய 1798இல் பிறந்து 1874இல் இறந்தவர். ஒரு கண்ணாடிப் புட்டியைப் பார்த்துக் குறிசொல்லி மூலிகை தருவார். கூலியாகச் சாராயமும் உணவும் வரும். பாதிரிமார் கடுமையாக எதிர்த்தும் கூட்டம் குறையவில்லை. 1865இல் எனிஸ் நகர நீதிமன்றத்தில், 1586ஆம் ஆண்டுச் சூனியத் தடைச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்கு வந்தது. சாட்சி வலுவில்லாததால் தள்ளுபடியானது.

முப்பது ஆண்டு கழித்து டிப்பரரி மாவட்டத்துப் பாலிவாட்லியாவில் நடந்தது வேறு. 1895 மார்ச்சில் நோயுற்றிருந்த பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் தன் மனைவியே அல்ல, தேவதைகள் மாற்றி வைத்த உரு என்று கணவர் நம்பினார். டாக்டரை வரவழைக்க நாள்கணக்கில் அலைந்தவரும் அவரேதான். மூலிகை வைத்தியரிடம் வாங்கிய செடிகளைப் பாலில் காய்ச்சி, உறவினர்கள் பிடித்துக்கொள்ள, பிரிஜெட்டின் வாயில் புகட்டினார்கள். மறுநாள் கணவர் அவரைத் தீயிட்டுக் கொன்றார். நீதிமன்றம் 20 ஆண்டு தண்டனை விதித்தது. கைவைத்தியத்தை அழகான பழமையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த வழக்கைத் தவிர்த்துவிடுவது வழக்கம். தவிர்க்கக்கூடாது.

இன்று அயர்லாந்தில் டாக்டரும் கால்நடை மருத்துவரும் எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் தீப்புண், அக்கி, படர்தாமரை, மரு ஆகியவற்றுக்குப் பரம்பரை உரிமைக்காரரைத் தேடிப் போகும் பழக்கம், குறிப்பாக நாட்டுப்புறத்தில், விடவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு அங்கேயும் போகிறார்கள்.

ஃபெர்மானா மாவட்டத்தின் போஹோ ஊரில், 1815இல் மறைந்த ஜேம்ஸ் மகிர் என்ற பாதிரியாரின் கல்லறை மண்ணைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தால் நோய் தீரும் என்பது வழக்கு. எடுத்த மண்ணை நான்கு நாளில் திருப்பி வைத்துவிட வேண்டும். 2018இல் வேல்ஸின் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களை உள்ளிட்ட குழு அந்தப் பகுதி மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையில் புதிய நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்து அறிவித்தது. பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளிட்ட கிருமிகளின் வளர்ச்சியை அது ஆய்வுக்கூடத்தில் தடுத்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம் உலகின் பல மண்களில் உண்டு, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தே அதிலிருந்து வந்ததுதான். எனவே போஹோவின் சிறப்பு அந்தக் குறிப்பிட்ட வகையில் இருக்கிறதே தவிர, தலையணைக்கு அடியில் வைத்த மண் நோயைத் தீர்த்தது என்பதற்கு இந்த ஆய்வு சான்றாகாது.